3 அடித் தொட்டியில் வேட்டை மீன்: எதை வைக்கலாம், எப்படித் தொடங்குவது?

புதுத்தண்ணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 3 × 1.5 × 1.5 அடித் தொட்டி ஒன்று தயாராக இருக்கிறது. 8 மி.மீ. கண்ணாடி. மணிக்கு 1000 லிட்டர் என்று அட்டையில் போட்ட உள் ஃபில்டர், 200 வாட் ஹீட்டர், அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கூழாங்கல். தண்ணீர் ஊற்றி ஃபில்டரை ஓட விட்டு 10 நாள் ஆகிறது. உள்ளே இன்னும் எதுவும் இல்லை.

கூட்டமாகச் சுற்றும் சின்ன மீன்களில் எனக்கு ஆர்வம் இல்லை. இரை பிடித்துத் தின்னும் மீன்தான் வேண்டும். மனதில் இருப்பவை: ஆஸ்கர் குஞ்சு 2 (5 செ.மீ.), சில்வர் அரோவானா 1 (12 செ.மீ.), ரெட்டெயில் கெளுத்தி 1. எல்லாம் குட்டியாக இருக்கும்வரை இதே தொட்டியில் வைத்துவிட்டு, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றலாமா? தினமும் உயிருள்ள சின்ன மீன் போட்டால் போதுமா? 10 நாள் ஓடிய தண்ணீரில் இப்போதே மீன் விடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆழ்நீர் எழுதியது:

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தொட்டி விளிம்பு வரை 190 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடைவெளியும் அடியில் கிடக்கும் கல்லும் போக, உண்மையில் நிற்கும் தண்ணீர் 160 லிட்டர்தான். இனி இந்த 160 லிட்டரை வைத்தே யோசியுங்கள்.

ரெட்டெயில் கெளுத்தியை இன்றே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அமேசான் ஆற்றில் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் மீன் அது. குஞ்சாக 7 செ.மீ.யில் மீசையை ஆட்டிக்கொண்டு வரும்போது யாருக்கும் ஆசை வரும். ஆனால் தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் மீனைக்கூட வாயில் திணித்துப் பார்க்கும். நீங்கள் எழுதிய மற்ற மூன்று மீன்களும் அதன் பார்வையில் இரைதான். இதற்குப் பொருத்தமான வீட்டுத் தொட்டி என்று ஒன்று கிடையாது.

சில்வர் அரோவானா வீட்டுத் தொட்டியிலேயே 60 முதல் 75 செ.மீ. வரை போகும். இங்கே நீளத்தைவிட அகலம்தான் இடிக்கும். 45 செ.மீ. அகலத்தில் 60 செ.மீ. மீன் திரும்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் முதுகை மடக்கித்தான் திரும்ப வேண்டும். 75 செ.மீ.க்குக் குறைந்த அகலத்தில் வளர்ந்த அரோவானாவை வைக்கக்கூடாது. முதல் ஆண்டுக்குள்ளேயே 30 செ.மீ.யைத் தாண்டிவிடும் என்பதால், ‘குட்டியாக இருக்கும்வரை’ என்று நீங்கள் நினைக்கும் காலம் ஆறேழு மாதம்தான். அதற்குள் பெரிய தொட்டி கையில் இருந்தால் சரி. ‘வாங்கிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம் மட்டும் இருந்தால் சரிவராது.

ஆஸ்கர் நல்ல மீன். ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும், புதியவர் கைக்கும் தாங்கும். ஆனால் நல்ல தீனி கிடைத்தால் முதல் சில மாதங்கள் மாதத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. வளரும். முழு வளர்ச்சி 30 செ.மீ.யை ஒட்டி இருக்கும், ஆயுள் 10 ஆண்டுக்கு மேல். ஓர் ஆஸ்கருக்கு 4 × 1.5 × 2 அடி, அதாவது 340 லிட்டர், குறைந்தபட்சம். இரண்டுக்கு 6 × 2 × 2 அடி. சிறிய தொட்டியில் இரண்டு விட்டால் ஒன்று மற்றதை மூலையில் ஒதுக்கி, துடுப்பைக் கிழித்து, சாப்பிட விடாமல் செய்துவிடும்.

‘தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி குன்றும், அது உண்மை. அப்படிக் குன்றிய மீனைப் பார்த்ததும் தெரியும்: உடல் சிறுத்து, கண் மட்டும் பெரிதாக, முதுகு லேசாக வளைந்திருக்கும். அது தொட்டிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட மீனல்ல, நோயாளி.

உங்கள் தொட்டிக்கு என்ன பொருந்தும்? இவற்றில் ஏதாவது ஒன்று, ஒன்று மட்டும்:

செனகல் பிச்சிர் ஒன்று. டைனோசர் போன்ற உருவம், தரையில் ஊர்ந்து மோப்பம் பிடிக்கும் வேட்டை. தொட்டியில் 25 முதல் 30 செ.மீ. ஆகும்.

குள்ள விரால் ஒன்று. சன்னா கச்சுவா, சன்னா ப்ளெஹரி போன்றவை 20 செ.மீ.க்குள் நிற்கும். பெரிய விரால் குஞ்சைக் ‘குள்ள வகை’ என்று கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, வாங்கும் முன் இனத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ப்ளெஹரி பிரம்மபுத்திரா பகுதி மீன். ஆண்டு முழுக்க 28 டிகிரியில் வைத்தால் சோர்ந்துபோகும். அதற்கு ஹீட்டரே வேண்டாம். 18 முதல் 25 டிகிரி வரை பருவத்துக்கேற்ப ஏறி இறங்குவதுதான் அதற்கு நல்லது. ஜோடி சேர்க்க ஆசைப்பட்டு, சம்பந்தமில்லாத இரண்டை ஒன்றாக விடாதீர்கள். காலையில் ஒன்றுதான் இருக்கும்.

ஜாக் டெம்ப்சி ஒன்று. 20 செ.மீ.க்குச் சற்று மேல் போகும், ஆஸ்கரின் குடும்பமான சிக்லிட் வகை. ஆஸ்கர் ஆசையை ஓரளவு தீர்த்துவைக்கும். தனியாகத்தான் வைக்க வேண்டும்.

பீ பஃபர் ஐந்தாறு. 3 செ.மீ.தான், ஆனால் வேட்டைக் குணத்தில் மேலே சொன்ன எதற்கும் குறைந்ததில்லை. செடி அடர்ந்த தொட்டியில், ஒரு கண்ணைத் தனியாக உருட்டி நத்தையின் உணர்கொம்பைக் குறிவைத்து, அப்படியே அசையாமல் நின்று சட்டென்று கொத்தும். உலர் தீனியைத் தொடாது, நத்தையும் உறைந்த பிளட்வார்மும் (சிவப்பு நிறப் பூச்சிப் புழு) தொடர்ந்து வேண்டும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் இருந்தால் சண்டை குறையும்.

கூட்டாளி மீன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்கப்போகிறீர்கள். வாய்க்குள் போகும் எதுவும் கூட்டாளி ஆகாது, என்றாவது ஓர் இரவில் போய்விடும். கோரிடோரஸ் போன்ற முள் கெளுத்திகள் இன்னும் மோசம். விழுங்கும்போது பக்கத்து முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும்.

---

பாக்டீரியாப்பண்ணை எழுதியது:

ஆழ்நீர் மீனைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன்.

அந்த 10 நாளில் ஃபில்டர் மின்சாரம் தின்றது, வேறொன்றும் நடக்கவில்லை. மீன் கழிவில் வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு அமோனியாதான் சோறு. வெறும் தண்ணீரில் அது வளராது. செய்ய வேண்டியது இது:

1. திரவ டெஸ்ட் கிட் வாங்குங்கள். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கும் இருக்கட்டும். தாள் கீற்றுகள் வேண்டாம், பலவற்றில் அமோனியா சோதனையே இருக்காது.

2. அமோனியம் குளோரைடோ, மணமும் சோப்பும் கலக்காத சுத்தமான அமோனியாக் கரைசலோ எடுத்து, தொட்டியில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் அளவு விடுங்கள். கரைசல் பாட்டிலைக் குலுக்கினால் நுரை நின்றால் அதில் சோப்பு இருக்கிறது, தொடாதீர்கள்.

3. வெப்பம் 27–28 டிகிரி, காற்று நன்றாகக் கலக்கட்டும். பி.எச். 6.5க்குக் கீழே போனால் பாக்டீரியா மந்தமாகிவிடும், கவனியுங்கள்.

4. அமோனியா இறங்க ஆரம்பித்ததும் நைட்ரைட் ஏறும். அமோனியா 0 ஆகும்போதெல்லாம் மறுபடி 2 பிபிஎம்முக்கு விடுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

5. 2 பிபிஎம் விட்டு 24 மணி நேரத்துக்குள் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகிவிட்டால் தயார். நைட்ரேட் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடுங்கள்.

வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சு ஒன்று கிடைத்தால், அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள், காலம் பாதிக்கு மேல் குறையும்.

வேட்டை மீனுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இறைச்சி தின்னும் மீனின் தீனியில் தண்ணீர் போக மிச்சம் பெரும்பாலும் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். 5 கிராம் இறால் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் சுமார் 1 கிராம் புரதம், 160 மில்லிகிராம் நைட்ரஜன். அது யார் கண்ணிலும் படாமல் கல்லுக்கடியில் அழுகினால் உங்கள் 160 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரஜன் அமோனியாவாகச் சேரும். விரல் நுனி அளவு இறால்! பி.எச். 8க்கு மேல், வெப்பம் 28 என்று இருந்தால் மீன் மேலே வந்து வாய் பிளக்க இதுவே போதும், ஏனென்றால் பி.எச்.சும் வெப்பமும் ஏற ஏற அமோனியாவின் நச்சுப் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள். கல் இடுக்கில் துண்டு விழுந்தால் மீனாலும் எடுக்க முடியாது, உங்களாலும் முடியாது. மெல்லிய மணல் 2 செ.மீ. போடுங்கள், அல்லது வெறும் கண்ணாடித் தரையாகவே விடுங்கள். பிச்சிர் தீனியோடு சேர்த்துக் கல்லையும் விழுங்கும், அதற்கு மணல்தான் பாதுகாப்பு.

தண்ணீர் மாற்றுவதற்கு ஒரு சின்னக் கணக்கு. உச்ச நைட்ரேட் = ஒரு வாரத்தில் சேரும் நைட்ரேட் ÷ வாரம் மாற்றும் பங்கு. வாரத்துக்கு 12 பிபிஎம் சேர்கிறது என்று வையுங்கள். வாரம் கால் பங்கு மாற்றினால் போகப்போக 48ல் போய் நிற்கும். அரைப் பங்கு மாற்றினால் 24ஐத் தாண்டாது. குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் இருந்தால் அதையும் மேலே கூட்டிக்கொள்ளுங்கள். நான் வைக்கும் எல்லை 40, ஆசை 20. ஆகவே வாரம் 50 சதவீதம், விடுமுறை கிடையாது.

புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கி கட்டாயம். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரமின் பறக்காது. குளோரமினை உடைக்கும்போது அமோனியா வெளிவரும், அதையும் கட்டிவைக்கும் மருந்தாகப் பாருங்கள். பழைய தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும்.

ஃபில்டர்: அட்டையில் 1000 என்றால் ஸ்பாஞ்சு அழுக்கேறிய பிறகு 600 வந்தாலே அதிகம். 160 லிட்டருக்கு மணிக்கு ஆறு சுற்றாவது, அதாவது 1000 லிட்டர், உண்மையாக ஓட வேண்டும். ஒரு கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் ஃபில்டர்) சேருங்கள், உள் ஃபில்டரும் கூடவே ஓடட்டும். கேனிஸ்டர் உறிஞ்சும் வாயில் ஒரு கரடான ஸ்பாஞ்சு மாட்டி, அதை மட்டும் வாராவாரம் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள். குழாய்க்கடியில் கழுவினால் மேலே சொன்ன ஆறு வாரத்தையும் குளோரினில் கரைத்துவிடுவீர்கள்.

---

புதுத்தண்ணி எழுதியது:

ரொம்ப நன்றி. கெளுத்தி, அரோவானா, ஆஸ்கர் மூன்றையும் அடித்துவிட்டேன். செனகல் பிச்சிர் ஒன்றுதான் என்று முடிவு. கல்லை இன்றே எடுக்கிறேன்.

இரண்டு சந்தேகம். உயிர் மீன் போடுவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே, அதில் என்ன பிரச்சினை? அப்புறம், உயிர் தீனிக்குப் பழகிய மீன் பெல்லட் (உலர்ந்த குருணைத் தீனி) தின்னாது என்கிறார்களே, பழக்க முடியுமா?

---

மண்புழு எழுதியது:

தம்பி, உயிர் மீன் போடுறதுல மூணு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, நோய். தீனிக்குன்னு விக்கிற மீனை நெருக்கி அடைச்சு வெச்சிருப்பாங்க. வெள்ளைப் புள்ளி, காலம்னாரிஸ்ங்கிற பாக்டீரியா நோய், குடல் புழு எல்லாம் அந்த வழியாத்தான் வரும். ஆசனவாயில சிவப்பு நூல் மாதிரி ஏதாவது நீட்டிட்டு இருந்தா அது கமல்லானஸ் புழு. அதை ஒழிக்க லெவாமிசோல் மாதிரி மருந்து வரைக்கும் போகணும்.

ரெண்டு, தயாமினேஸ். தங்கமீன், கெண்டைக் குடும்பத்துப் பல மீன்களோட உடம்புல இந்த நொதி இருக்கு. இது வைட்டமின் பி1ஐ உடைச்சிடும். மாசக்கணக்குல அதையே போட்டா மீன் பசி இல்லாம, சமநிலை தவறி, சுத்திச் சுத்தி நீந்த ஆரம்பிக்கும். உறைய வெச்சாலும் இந்த நொதி போகாது. சிப்பி, மட்டி வகைகள்லயும் இருக்கு, அதனால அதையும் எப்பவாவது ஒரு தடவை மட்டும்.

மூணு, பழக்கம். துள்ளுற மீனை மட்டுமே தின்னு வளர்ந்தது, அசையாத எதையும் தீனின்னே ஒத்துக்காது. நீங்க நாலு நாள் வெளியூர் போனா யார் பார்ப்பா?

மாட்டிறைச்சி, கோழி ஈரல்னு சிலர் சொல்வாங்க. பாலூட்டி, பறவைக் கொழுப்பு மீனுக்குச் சரியாச் செரிக்காது, கல்லீரல்ல போய்ப் படியும். வேண்டாம்.

என்ன போடலாம்? வேட்டை மீனுக்குன்னு வர்ற மூழ்குற பெல்லட்தான் அன்றாடச் சாப்பாடு. கூடவே தோல் நீக்கின இறால், வெள்ளை மீன் சதை, மண்புழு. மண்புழுவை விட நல்ல தீனி பிச்சிருக்குக் கிடையாது. ஆனா பூச்சிமருந்து அடிச்ச மண்ணுல எடுத்தது கூடாது. எடுத்ததை ஈரத் தாளுக்குள்ள ஒரு நாள் வெச்சா குடல்ல இருக்குற மண்ணு வெளிய வந்துடும், அப்புறம் கழுவி நறுக்கிப் போடுங்க. உரக்குழியில இருக்குற வரி வரியான செம்புழு ஆகாது. கிள்ளினா மஞ்சளா ஒரு திரவம் விடும், மீன் வாய்ல வாங்கின வேகத்துல துப்பிடும்.

பெல்லட்டுக்குப் பழக்குற முறை:

வந்த முதல் ரெண்டு நாள் எதுவும் போடாதீங்க. மூணாம் நாள் விளக்கை அணைச்சிட்டு, நறுக்கின மண்புழுவை நீளக் கிடுக்கியில பிடிச்சு மூக்குக்கு முன்னால லேசா ஆட்டுங்க. பிச்சிருக்குக் கண்ணு மோசம், மூக்குதான் எல்லாம். மூக்கு நுனியில ரெண்டு சின்னக் குழல் நீட்டிட்டு இருக்கும், பாருங்க. வாசனை எட்டினதும் தலையை இடமும் வலமுமா ஆட்டி, தாண்டிப் போயி, திரும்பி வந்து, தீனி மேலயே நின்னுட்டுத் தேடும். பொறுமையா இருங்க.

ஒரு வாரம் கிடுக்கிக்குப் பழகினதும் மண்புழுவுக்குப் பதிலா இறால் துண்டு. அதையும் வாங்கிட்டா, இறாலை அரைச்சு வர்ற சாறுல பெல்லட்டை 10 நிமிஷம் ஊறவிட்டு, முதல்ல ஒரு பெல்லட், அடுத்து ஒரு இறால்னு மாத்தி மாத்தி நீட்டுங்க. துப்பினா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க, இரக்கப்பட்டு மண்புழு போட்டீங்கன்னா அது உங்களைப் பழக்கிடும். நல்லாக் கொழுத்த மீன் நாலஞ்சு நாள் பட்டினி தாங்கும். ஒல்லியா வந்த மீனை மட்டும் பட்டினி போடாதீங்க, அதுக்கு முதல்ல எதைத் தின்னாலும் சரின்னு உடம்பைத் தேத்துங்க. மூணு வாரம் போனா பெரும்பாலும் பெல்லட் எடுத்துடும்.

அளவு: துண்டு ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்குற அகலத்துக்கு மேல வேண்டாம். 15 செ.மீ. ஆகுற வரைக்கும் தினம் ஒரு வேளை, அதுக்கப்புறம் வாரத்துக்கு நாலு நாள், முழுசா வளர்ந்ததும் மூணு நாள் போதும். வயிறு லேசா உருண்டா நிறுத்திடணும். எவ்வளவு போட்டாலும் தின்னும், அப்புறம் கக்கும். கக்கினது தண்ணில கரைஞ்சா பாக்டீரியாப்பண்ணை மேல எழுதின கணக்கு உங்க வீட்டுல நடக்கும். 15 நிமிஷத்துல தின்னாததை வெளிய எடுத்துடுங்க.

வேட்டைதான் பார்க்கணும்னா தொட்டில வளர்த்த சுத்தமான சின்ன இறால் பத்து வாங்கிப் பிரிச்சு வெச்சு, எப்பவாவது ரெண்டு விடுங்க. ராத்திரி மங்கின வெளிச்சத்துல அது பதுங்கிப் போறதைப் பார்க்கலாம்.

---

நடுநிசி எழுதியது:

பிச்சிர் என்று முடிவு செய்துவிட்டதால் சில விஷயங்கள் ப்ரோ.

முதலில் மூடி. பிச்சிர் சாவதற்கு ஒரு பெரிய காரணம் தரையில் விழுந்து காய்வதுதான். தலை நுழையும் இடைவெளி எதுவாக இருந்தாலும் உடலும் வந்துவிடும். ஹீட்டர் வயர், கேனிஸ்டர் குழாய் போகும் வெட்டுகளைக் கரடான ஸ்பாஞ்சால் இறுக்கமாக அடையுங்கள். மூடியின் மேல் பாரம் வையுங்கள். அதேசமயம் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 4–5 செ.மீ. காற்று இடம் வேண்டும். இது மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன், அந்த வழியை அடைத்தால் மூழ்கிச் சாகவும் கூடும். மீன் தண்ணீரில் மூழ்குமா என்று சிரிக்காதீர்கள். குள்ள விராலுக்கும் இதேதான்.

விழுந்ததைக் காலையில் பார்த்தால், காய்ந்தது போலத் தெரிந்தாலும் செத்ததாக முடிவு கட்டாதீர்கள். தோலில் ஈரம் மிச்சமிருந்தால் தொட்டியில் விட்டு அரை மணி நேரம் பாருங்கள்.

குட்டி பிச்சிரின் தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இறகு போல விரிந்திருப்பது வெளிச் செவுள். வளர வளர மறைந்துவிடும். பூஞ்சை என்று மருந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உடல் முழுக்க மெல்லிய மயிர் முளைத்தது போலத் தெரிந்து, மீன் தரையில் உரசிக்கொண்டே இருந்தால் அது வேறு: மேக்ரோகைரோடாக்டைலஸ் பாலிப்டெரி என்ற தோல் ஒட்டுண்ணி, பிச்சிருக்கென்றே பிறந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த மயிர்கள் நெளிவது தெரியும். பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்துக்குக் கேட்கும். ஒன்றிரண்டு தப்பினாலும் குட்டி போட்டு மறுபடி பெருகிவிடும் என்பதால் ஒரு முறையோடு விடாமல் ஒரு வாரம் கழித்து மறுமுறையும் கொடுப்பது நல்லது. புதிதாக வந்த மீனை 4 வாரம் தனியே வைத்துப் பாருங்கள் என்பது இதற்காகத்தான். நீங்கள் ஒரே மீன்தான் வைக்கப்போகிறீர்கள் என்பதால் அந்தத் தொட்டியே தனித் தொட்டி. செம்பு கலந்த மருந்து எதையும் பிச்சிருக்குக் காட்டாதீர்கள்.

ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூண்டு மாட்டுங்கள். பிச்சிர் சூடான குழலின் மேல் சாய்ந்து படுக்கும், வயிற்றில் சூட்டுத் தழும்பு வரும். ஒளிய ஒரு குழாய்த்துண்டு, 10 செ.மீ. விட்டம், இரண்டு முனையும் திறந்திருக்கட்டும்.

கடைசியாக, ஆழ்நீர் மேல் மரியாதை உண்டு, ஆனால் 30 செ.மீ. பிச்சிருக்கு 3 அடி என்பது எனக்கு ஒப்பவில்லை. முதல் ஒன்றரை வருடத்துக்குச் சரி. அதன்பின் 4 அடி நீளத்துக்குத் திட்டம் வையுங்கள்.

---

ஆழ்நீர் எழுதியது:

நடுநிசி சொல்வதில் நியாயம் உண்டு. நான் பார்த்தது அகலத்தை: 45 செ.மீ. அகலத்தில் 28 செ.மீ. பிச்சிர் உடலை மடக்காமல் திரும்பும், அதுவும் ஈல் போல வளையும் உடல். செனகல் இனத்துக்கு மட்டும், அதுவும் ஒன்றுக்கு மட்டும் 3 × 1.5 அடியைக் கடைசி எல்லையாக ஏற்கிறேன். ஆர்னேட், எண்ட்லிச்செரி போன்ற பெரிய பிச்சிர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. குட்டியில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், பெயரைக் கேட்டு வாங்குங்கள். இடம் இருந்தால் 4 அடிதான் மேல், அதில் சண்டையில்லை.

இன்னொன்று. கையை உள்ளே விடும் முன் ஹீட்டர், ஃபில்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். ஹீட்டரை நிறுத்தி 15 நிமிடம் ஆற விட்ட பிறகே தண்ணீரை இறக்குங்கள், இல்லையென்றால் வெளியே தெரியும் சூடான கண்ணாடி விரிசல் விடும். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

---

புதுத்தண்ணி எழுதியது:

மூன்று வாரம் ஆகிறது. மணல் மாற்றி, கேனிஸ்டர் மாட்டி, அமோனியா விட ஆரம்பித்தேன். இப்போது அமோனியா ஒரே நாளில் 0 ஆகிவிடுகிறது. ஆனால் நைட்ரைட் 10 நாளாக அடர் ஊதாவிலேயே நிற்கிறது, இறங்கவே இல்லை. நைட்ரேட் ஒரு நாள் 80 காட்டுகிறது, மறுநாள் 10. எங்கே தப்பு செய்கிறேன்?

---

பாக்டீரியாப்பண்ணை எழுதியது:

தப்பு பெரிதாக ஒன்றுமில்லை. அமோனியா தினமும் 0 ஆவதால் தினமும் 2 பிபிஎம் விட்டிருப்பீர்கள். நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் மெதுவாக வளர்வது, வரவு தினமும் ஏறுகிறது, கிட்டின் கடைசி நிறத்தைத் தாண்டி எங்கோ நிற்கிறது. பாதித் தண்ணீரை மாற்றுங்கள். சோதித்துப் பார்த்து இன்னும் அடர் ஊதா என்றால் நாளை மறுபடி பாதி. அதன்பின் அமோனியாவை இரண்டு நாளுக்கு ஒரு முறை 1 பிபிஎம் மட்டும் விடுங்கள். பி.எச்.சையும் பாருங்கள், இந்தக் கட்டத்தில் தண்ணீரின் காரத்தன்மை தீர்ந்து பி.எச். சரிவது சகஜம். தண்ணீர் மாற்றினாலே அதுவும் மீளும்.

நைட்ரேட் எண்ணை இப்போதைக்கு நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது, தண்ணீரில் ஏற்கெனவே உள்ள நைட்ரைட்டும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். 80, 10 என்று குதிப்பதற்குக் காரணம் வேறு: இரண்டு பாட்டில் வரும் கிட்டுகளில் இரண்டாம் பாட்டிலில் பொடி அடியில் படிந்து கெட்டியாகியிருக்கும். பாட்டிலை மேசையில் தட்டி, 30 விநாடி பலமாகக் குலுக்கிய பிறகு சொட்டு விடுங்கள். பிறகு சோதனைக் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்து நிறம் பாருங்கள்.